கல்யாண மண்டபத்தில் டபுள் பெடல்

மருதையன் கருப்புச் சட்டை போட்டது கொள்கைக்காக அல்ல, தொழிலுக்காக. பெங்களூரில் அவன் டிரம்ஸ் வாசிக்கும் மெட்டல் இசைக்குழுவில் எல்லோருக்கும் அதுதான் உடுப்பு. அம்மாவைப் பார்த்துவிட்டுக் கீழ்வேளூரில் தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். எரிவாயுக் கிணறு வேண்டாமென்று அமைச்சருக்குக் கருப்புக்கொடி காட்டிய விவசாயிகளோடு அவனையும் சேர்த்துப் போலீஸ் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் அடைத்தபோது, அவன் பையைத் திறந்த இன்ஸ்பெக்டருக்கு முகம் மாறியது. இரும்புத் தகடு, சங்கிலி, ஸ்பிரிங், உருண்டைத் தலை வைத்த கம்பி.

"என்னடா இது?"

"டபுள் பெடல் சார். ரெண்டு காலாலயும் அடிக்கிறதுக்கு."

"அடிக்கிறதுக்கா? யாரை?"

மருதையன் பெடல்மேல் கையை வைத்துக்கொண்டான். அவனுக்குப் பேர் வாங்கித் தந்ததே கால்தான். குதிகால் தரையில் படாமல், கணுக்காலை மட்டும் அசைத்து, தகரக் கூரையில் மழை இறங்குவதுபோல் பெரிய டிரம்மில் அடிப்பான். அந்த ஸ்பிரிங் அவன் காலுக்கென்றே பல வருஷமாகத் திருகித் திருகிப் பழக்கியது. போன கச்சேரியில் இரவல் பெடலை மிதித்துத் தடுமாறியதில் பாட்டே நின்றுபோனது. நாளைக்கு மறுபடி மேடை.

பிடிபட்டவர்களில் ஒருத்தி, அவன் தெருக்காரி அம்சம், எழுந்து வந்தாள். "ராமாயி மவன்ங்க இவன். கொடி பிடிக்க வரலீங்க. கொட்டு அடிக்கிறவன்."

"அப்ப அடிச்சுக் காட்டட்டும்."

சமையல்கட்டிலிருந்து பெரிய அண்டாவை உருட்டி வந்தார்கள். அது நகராமல் அம்சம் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மருதையன் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, அதன்மேல் பெடலை வைத்து மிதித்தான். முதலில் மெதுவாக. அப்புறம் கால்கள் அவன் சொல்லைக் கேட்கவில்லை. மண்டபம் அதிர்ந்தது.

சமையல்காரர் கோவிந்தராசு கரண்டியோடு ஓடிவந்தார். "ஐயையோ, அண்டா போச்சு! சார், இவனை மொதல்ல அனுப்புங்க. இல்லேன்னா யாருக்கும் சோறு கிடையாது!"

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துட்டுப் போப்பா. சட்டைய மாத்திக்கிட்டுப் போ, இல்லேன்னா அடுத்த ஸ்டாப்புல புடிப்பாங்க."

பையில் இருந்த மற்றதும் கருப்புதான். மூலையில் உட்கார்ந்திருந்த சாமிதுரை என்ற விவசாயி தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றினார். "இதைப் போட்டுக்குங்க தம்பி. எங்க கொடியைத்தான் புடுங்கிட்டாங்களே, உங்களுதைக் குடுங்க."

மண்டையோட்டுப் படம் போட்ட கருப்பு டீ-ஷர்ட்டில் அவர் கம்பீரமாகத்தான் இருந்தார்.

தஞ்சாவூரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் அம்சம் போன் செய்தாள். "எங்களையும் விட்டுட்டாங்கடா. நீ நல்லபடியாப் போய்ச் சேரு."

"சரி அத்தை" என்றான். மத்தியானத்திலிருந்து விறைத்துக் கிடந்த கால்கள் அப்போதுதான் தளர்ந்தன. நீட்டிக்கொண்டு, திருச்சி வருவதற்குள் தூங்கிப்போனான்.