மாவுக்கட்டு

காஞ்சிபுரத்தில் ஒரு காவல் நிலையம். எது என்று கேட்க வேண்டாம். கேட்கிறவருக்கும் நல்லதில்லை, சொல்கிற எனக்கும் நல்லதில்லை. அந்த ஸ்டேஷன் குளியலறைத் தரை வழுக்கும். அங்கே வேலை பார்க்கும் போலீஸ்காரர் ஒருவர்கூட இதுவரை அதில் விழுந்ததில்லை. கொலை, வழிப்பறி என்று பிடித்து வரப்படுகிறவர்கள் மட்டும் தவறாமல் விழுவார்கள். மறுநாள் கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு அவர்கள் போட்டோ வரும். வழுக்கி விழுந்தார் என்று டாக்டர் தலை நிமிராமல் எழுதிக் கொடுப்பார். ஊர் ஜனம் அதை வாட்ஸ்அப்பில் சிரித்துச் சிரித்து அனுப்பி வைக்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் சிவபாலன் பிடித்து வந்த ஆள் மட்டும் வழுக்கி விழுந்ததே இல்லை. அவர் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. மாமூல் வாங்க மாட்டார், கை நீட்டி அடிக்க மாட்டார், டீக்கடையில் காசு கொடுத்துத்தான் டீ குடிப்பார். ஸ்டேஷனில் அவருக்குச் 'சாமியார்' என்று பெயர். பாராட்டி வைத்த பெயர் இல்லை.

அப்போது ஊரில் இரண்டு கோஷ்டி. ராமராஜன் ஆட்கள், இளங்கோவன் ஆட்கள். மனை விற்பதில் ஆரம்பித்த தகராறு வெட்டுக்குத்தில் வந்து நின்றது. ராமராஜனின் தம்பியை இளங்கோவன் ஆட்கள் பட்டப்பகலில் தீர்த்துக் கட்டினார்கள். இளங்கோவனும் வெட்டியவர்களும் வெளி மாநிலத்துக்கு ஓடிவிட்டார்கள். அவர்களுக்கு பைக் ஓட்டிய தினேஷும் சுதாகரும் ஓட இடமில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். ராமராஜன் ஆட்கள் இருவரையும் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மணிவண்ணன் ராமராஜன் கையாள் என்பது ஊருக்கே தெரியும். நிரூபிக்கத்தான் ஆளில்லை.

வரதர் கருட சேவையன்று சிவபாலன் காந்தி ரோட்டில் பந்தோபஸ்தில் நின்றிருந்தார். தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள் தினேஷின் அம்மா பட்டம்மாள். சாயப்பட்டறையில் பட்டு அலசுகிறவள். விரல் நகமெல்லாம் அரக்குச் சிவப்பு ஏறிக் கிடந்தது.

"நீங்க அடிக்க மாட்டீங்கன்னு சொல்றாங்க சார். எம் புள்ளைய இட்டாந்து உங்க கையில குடுத்துடறேன். மேல ஒரு அடி விழாதுன்னு சொல்லுங்க, போதும்."

"விழாதும்மா. நான் பொறுப்பு."

சுதாகரின் அம்மா கங்கையம்மாளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தினேஷ் முழுசாகக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அவளும் தன் பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனாள் பட்டம்மாள். அன்று மத்தியானமே தினேஷ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான்.

திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. மாஜிஸ்திரேட் ஊரில் இல்லை, நாளைதான் வருவார். மணிவண்ணன் தினேஷை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் கோர்ட்டுக்குப் போகும் முன்னால் அவனைச் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றுக்குக் கூட்டிப்போய், புதைத்து வைத்த கத்தியை எடுக்க வேண்டும் என்றார். தினேஷ் எந்தக் கத்தியையும் எங்கேயும் புதைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜீப் ஓட்டும் ஏட்டு யேசுதாஸ் சிவபாலனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்டர் காலையில பாலத்தாண்ட வண்டிய நிறுத்திட்டு டீ சாப்புடப் போயிடுன்றாரு சார். ஆத்துல ராமராஜன் ஆளுங்க நிப்பாங்க."

சிவபாலன் டி.எஸ்.பி.க்குப் போன் செய்தார். மணிவண்ணன் சொன்னபடி செய்யுங்கள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவருக்கு மேலே இருந்தவர் போனையே எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு தலைவலி என்று நினைக்கிற அதிகாரிகளைத் திட்டக்கூட எனக்கு மனம் வருவதில்லை, அலுத்துவிட்டது. சிவபாலனுக்கு எவ்வளவு யோசித்தும் ஒரே ஒரு வழிதான் தென்பட்டது. காலில் மாவுக்கட்டு போட்டவனை ஆற்று மணலில் நடத்திக் கூட்டிப்போக முடியாது. ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டே அங்கு வந்துவிடுவார். ஏன் உடைந்தது என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம் மணிவண்ணன் கோயில் பக்கம் போயிருந்த நேரத்தில், சிவபாலன் தினேஷுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நீங்களே பண்ணுங்க சார். அம்மாவாண்ட மட்டும் சொல்லாதீங்க, அது தெருவெல்லாம் சொல்லிடும்."

யேசுதாஸ் அவன் வாயில் துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டார். சிவபாலனுக்கு முதல் தடவை கை வரவில்லை. இரண்டாம் தடவை எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அதே குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தரையில் தண்ணீர் ஊற்றி நனைத்தது யேசுதாஸ்தான். பழக்கம்.

டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். மறுநாள் காலை ராமராஜன் ஆட்கள் வெயில் ஏறும்வரை ஆற்றில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, வழுக்கி விழுந்துவிட்டதாகத் தினேஷ் சொன்னான். அவனை ரிமாண்ட் செய்துவிட்டுப் போனார். தினேஷ் பிழைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் மணிவண்ணன் வார்டுக்கு வந்தார். ஆற்றுக்குப் போக முடியாததில் அவருக்கு எரிச்சல்தான். ஆனாலும் மாவுக்கட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். சாமியாருக்கும் ஒருநாள் கோபம் வந்துவிட்டது என்றுதான் அவர் புரிந்துகொண்டார். சிவபாலன் தோளில் கை போட்டு, "இப்பதான்யா நீ போலீஸு" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டம்மாள் உள்ளே வந்தாள். கூடவே கங்கையம்மாள்.

"ஒரு அடி விழாதுன்னீங்களே சார்" என்றாள் பட்டம்மாள்.

கங்கையம்மாள் மாவுக்கட்டைப் பார்த்தாள், சிவபாலன் முகத்தைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோளில் மணிவண்ணனின் கை இருந்தது. காரணம் தெரிந்தால் அந்தக் கை அடுத்துத் தினேஷிடம்தான் போகும். சிவபாலன் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு யேசுதாஸைக் கங்கையம்மாள் வீட்டுக்கு ரகசியமாக அனுப்பினார். பிள்ளை ஊரில் இல்லை என்று கதவைத் திறக்காமலே பதில் வந்தது. சுதாகர் கூரம் கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டில் பதுங்கியிருந்தான். அந்த மாதமே சவரம் செய்துகொள்ள வெளியே வந்தவனை ராமராஜன் ஆட்கள் வெட்டிப் போட்டார்கள்.

சாவு ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து சிவபாலன். கங்கையம்மாள் வீட்டுத் தெருமுனையில் நின்றிருந்தார். மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பட்டம்மாள் கூட்டத்தை விட்டு விலகி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலு கூடிக்கினு வருதாம் சார்."

அவர் தலையாட்டினார்.

"நீங்க எதுக்குப் பண்ணீங்கன்னு அன்னிக்கே ஆஸ்பத்திரியில சொல்லிட்டான்."

சிவபாலன் சட்டென்று திரும்பினார். "கங்கையம்மாவாண்ட சொன்னீங்களா?"

"சொல்லல சார்." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். சாயம் போகிற கை இல்லை அது. "வெளிய தெரிஞ்சா எம் புள்ளைய உட மாட்டாங்களே. நீங்களும் அதுக்குத்தானே சொல்லல?"

உள்ளேயிருந்து பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பின்னாலேயே கங்கையம்மாள் ஓடி வந்தாள். பட்டம்மாள் போய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சிவபாலன் கூட்டத்தை விலக்கி வழிவிட்டார்.