திங்கட்கிழமை மாறிய விதி

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் பிறந்தது. கதைகள் கண்ணீரில் பிறப்பதாகச் சொல்லும் எழுத்தாளர்கள்மேல் எனக்கு எப்போதும் ஓர் எரிச்சல் உண்டு. என்னுடையது கம்பனித் தலைமையகத்திலிருந்து வந்தது. நான் லண்டன் டூட்டிங்கில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். எழுதுவது ஓய்வு நாட்களில். அதுவரை, ஒப்பந்தம் முடியுமுன்பே புதுப் போனுக்கு மாறுகிறவர்கள் பழையதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. திங்கள்முதல் பழையதைக் கடையில் கையளித்தால்தான் புதியது கிடைக்கும். மின்னஞ்சல் சொன்னது அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "மழையில் நனைந்தபடி றோஸ்மலர் கடைக்குள்..."

மழை பெய்யவில்லை. லண்டன் என்றாலே மழையைக் கூப்பிடும் பழக்கத்தை நான் விட வேண்டும்.

இரண்டாவது: சனிக்கிழமை நண்பகல். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் றோஸ்மலர் அக்கா ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தார். ஏழு வயதில் விட்டுவந்த அவருடைய மகள் துஷ்யாவுக்கு இப்போது பதினாறு. மன்னாரில் சித்தி வீட்டில் இருக்கிறாள். அம்மாவோடு பேசச் சித்தியின் போன்தான். பேசும்போது சித்தியும் பக்கத்திலேயே இருப்பார்.

"பிள்ளை எனக்கு ஏதோ சொல்லவேணுமாம் தம்பி. தனக்கெண்டு ஒரு போன் வந்தாத்தான் சொல்லுவாளாம். அந்த வீட்டு ஆக்களுக்கு முன்னால சொல்ல ஏலாதாம்" என்றார். "நான் புதுசு எடுத்தா என்ர இந்தப் போனை அவளுக்கு அனுப்பலாம்தானே? எங்கட கோயில் அருள்நேசன் அண்ணை வாற புதன் ஊருக்குப் போறார்."

"ஓம், ஏலும். இண்டைக்குச் சனம் கூட. அடுத்த கிழமை வாங்கோ அக்கா" என்றேன்.

விதி மாறப்போவது அப்போது எனக்குத் தெரியாது.

3

[மேலே கடைசி வரி பொய். அழிக்காமல் விடுகிறேன். மின்னஞ்சல் வெள்ளிக்கிழமையே வந்தது, படித்தும் இருந்தேன். ஒரு போனை மாற்றிக் கொடுக்க நாற்பது நிமிடம் பிடிக்கும். எனக்குப் பசி.*]

* பசியும் முழு உண்மையில்லை. அலுப்பு.

4

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். புதிய விதியைச் சொன்னேன். மலிவாக ஒன்று வாங்கி அனுப்பலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். சம்பளத்துக்குப் பதினொரு நாள் கிடக்கு என்றார். பிறகு, "கொம்பனிச் சட்டமெண்டா நீங்கள் என்ன செய்யிறது தம்பி" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு நல்லவராக ஒரு பாத்திரம் இருந்தால் வாசகர் நம்பமாட்டார். அதனால் ஒரு வரைவில் அவரைக் கத்தவைத்தேன், மனேஜரைக் கூப்பிடச் சொல்லவைத்தேன். எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகவே அதைக் கிழித்துப் போட்டேன்.

அருள்நேசன் அண்ணை போன் இல்லாமலே ஊருக்குப் போனார்.

5

சம்பளம் வந்ததும் அக்கா ஒரு போன் வாங்கினார். வேறு ஆள் பிடித்து அனுப்பி, அது துஷ்யாவின் கைக்குப் போய்ச் சேர ஐந்து வாரம் ஆயிற்று. சொந்தப் போனிலிருந்து அவள் முதல்முறை அழைத்தபோது, என்ன சொல்ல இருந்தாய் என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"இப்ப ஒண்டும் இல்லையம்மா. அது முடிஞ்சுது" என்றாளாம்.

எது முடிந்தது? பரீட்சை என்று ஒரு முடிவு எழுதினேன். காதல் என்று இன்னொன்று. மூன்றாவது, அந்த வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றியது. "துஷ்யா கதவை" என்று

இல்லை. அதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. என் நாற்பது நிமிடத்துக்காக ஒரு பிள்ளை என்ன பட்டாள் என்பதைக் கற்பனையில் இட்டு நிரப்ப எனக்கு உரிமை இல்லை.

6

நேற்று அக்கா மறுபடி வந்தார். வாங்க ஒன்றுமில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. மகள் சொன்னதை அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

"இப்ப சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறாள் தம்பி. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

பிறகு கேட்டார்:

"சட்டம் மாறப்போகுதெண்டு அந்தச் சனிக்கிழமை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, எனக்குச் சொல்லியிருப்பியள்தானே?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து என் இடத்தில் நில்லுங்கள். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா,