வாய்க்கு லீவு

குரல்நாணில் இருந்த சின்ன முடிச்சை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதான் கூடாதுங்கறேன். நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது, அதுவும் தொண்டைக்குக் கெடுதல்தான். உள்ள புண்ணு ஆறணும்."

பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவனைப் பார்த்தார். "நீங்கதான் பாத்துக்கணும். வீட்டுல அவங்களைப் பேச வைக்காதீங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் தொண்டைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்த மனிதர் எப்போது பேச வைத்தார்?

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஊர் முழுவதற்கும் சொல்லுகிற குரல் அவளுடையது. வேலை முடிந்து வந்தால் வீட்டிலும் அதே ஓட்டம்தான். செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் விளக்கை அணைத்த பிறகும் ஓயாது. கல்யாணமான புதிதில் கணவனின் தங்கை, "எங்கண்ணனுக்கு ஒரு ரேடியோ வாங்கிக் குடுத்துட்டோம், ஆனா அணைக்கறதுக்குத்தான் சுவிட்ச் இல்ல" என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து உறவுக்கெல்லாம் அவள் ரேடியோதான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் கூரையில், இயந்திர அறைக்குள், கம்பிக் கயிறுகளுக்கு நடுவே தனியாக நின்று வேலை பார்ப்பவன். சக்கரம் சுற்றும் சத்தத்தை வைத்தே எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான் என்று மகள் கேலி செய்வாள். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பிய முதல் நாளே கூத்து ஆரம்பித்தது. சாப்பிடும்போது அவளுக்குக் கொஞ்சம் உப்பு வேண்டியிருந்தது. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினாள். அவன் யோசித்துவிட்டு எழுந்துபோய்த் தன் பர்ஸைக் கொண்டுவந்து நீட்டினான். போனில் எழுதிக் காட்டலாம்தான். ஆனால் அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் சோறு ஆறிவிடும். தண்ணீர் கேட்டால் ஜன்னலைத் திறந்தான். ஜன்னலைத் திறக்கச் சொன்னால் "தலை வலிக்குதா?" என்றான். அவளுக்குக் கோபத்தில் பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினாள். பேச்சை விழுங்கினால் தொண்டையில் கல் போல இறங்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவன் வேலைக்குப் போன பிறகு வீடு அவளிடம் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷமும் ஷிஃப்ட், ஷிஃப்ட் என்று ஓடியவளுக்கு வீடு என்பது சேலை மாற்றுகிற இடமாகத்தான் இருந்தது. குளிர்காலம் முடிந்து இளவேனில் தொடங்கியிருந்தது. காலையில் வெயில் முதலில் சமையலறையின் பாத்திர அலமாரியைத் தொட்டது. பிறகு மெல்ல நகர்ந்து கூடத்தைக் கடந்து, முற்பகலில் உள்ளறைக் கட்டிலின் மேல் போர்வை போல விரிந்தது. தன் கட்டிலில் வெயில் விழும் என்றே அவளுக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அதற்குள் படுத்துக்கொண்டாள். துவைத்த தலையணை உறை சூடேறி வாசம் விட்டது. வேலை நாளில், பட்டப்பகலில், ஒரு காரியமும் இல்லாமல் படுத்துக் கிடப்பது களவு போல இருந்தது. களவைப் போலவே இனித்தது.

சத்தங்களும் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீர் கொதிக்கும் முன் கெட்டில் ஒருமுறை பெருமூச்சு விடும். பின்கதவு வெயில் பட்டதும் மரம் விரிந்து 'டக்'கென்று நெட்டி முறிக்கும். கொல்லையில் தேனீ ஒன்று பூவுக்குள் புகுந்ததும் அதன் ரீங்காரம் அடங்கி, வெளியே வந்ததும் மறுபடி எழும். இத்தனையும் தினமும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். தன் பேச்சின் இரைச்சலில் காதில் விழவில்லை.

கொல்லை பெரிதொன்றுமில்லை. நான்கு பாய் விரிக்கிற அளவு மண். பழைய பீப்பாய் ஒன்றில் எலுமிச்சை, சுவரோரம் இரண்டு ரோஜா, போட்ட இடத்தை விட்டு ஊரெல்லாம் ஓடிப்போன புதினா, மூலையில் கடுங்குளிரில் பட்டுப்போன மாதுளை. இதெல்லாம் அவன் ராஜ்ஜியம். வேலைக்குப் போகும் முன் தண்ணீர் ஊற்றுவான் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஒருநாள் காலை அவள் சீக்கிரம் விழித்துக்கொண்டாள். கொல்லையில் பேச்சுக் குரல். யார் வந்திருக்கிறார்கள் என்று பின்கதவு வரை போய் நின்றாள். யாரும் இல்லை. பூவாளியோடு அவன் மட்டும்.

"உனக்கென்னம்மா, வெட்ட வெட்டத் தழையறே," என்று புதினாவிடம் சொன்னான். பிறகு எலுமிச்சைப் பக்கம் திரும்பினான். "நேத்து ஒரு கூத்து, கேளு. ஒரு பல் டாக்டர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. மேல கிளினிக்ல ஒருத்தன் வாயைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கான். இவரு உள்ளேர்ந்து கத்தறாரு, 'அவரை வாயை மூடச் சொல்லுங்க, நான் வர நேரமாகும்'னு."

கதவுக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச வருமா?

அவன் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி எறிந்தான். குரல் இறங்கியது. "இப்ப வீடும் அப்படித்தான் இருக்கு. மேலயும் போகாம, கீழயும் வராம. அவ பேசிட்டே இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும், தெரியுமா? எதைப் பத்தின்னு காதுல ஏறாது. ஆனா அந்தச் சத்தம் வேணும். குரல் பழையபடி வரலன்னா அவ தாங்க மாட்டா. நானும்..." அவன் வாக்கியத்தை முடிக்காமல் பூவாளியைச் சாய்த்தான்.

அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தன் பேச்சை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகிறான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அதனாலேயே சில சமயம் வீம்புக்கு இன்னும் இரண்டு மடங்கு பேசியிருக்கிறாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு எழுந்து தேநீர் போட்டாள்.

மறுநாள் காலை இரண்டு கோப்பைகளோடு கொல்லைப்படியில் போய் உட்கார்ந்தாள். அவன் பூவாளியோடு திருதிருவென்று விழித்தான்.

"இது... புதினா," என்றான்.

தெரியும் என்று தலையாட்டினாள். பக்கத்தில் உட்காரச் சொல்லிப் படியைத் தட்டினாள். மேலே சொல்லுங்கள் என்பது போலக் கையை அசைத்தாள். அவன் தேநீரை ஊதினான், தொண்டையைக் கனைத்தான், செருப்பில் ஒட்டிய மண்ணை ஆராய்ந்தான். பிறகு, "எலுமிச்சைல முதல் மொட்டு வந்திருக்கு. பாக்கறியா?" என்று கேட்டான்.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் செடிகளைப் பற்றி. பிறகு லிஃப்டுகளைப் பற்றி. அப்புறம் சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டதைப் பற்றி. அவன் விட்டுவிட்டுத்தான் பேசினான். நடுவில் நீண்ட இடைவெளி விழும். முன்பென்றால் அந்த இடைவெளிக்குள் அவள் புகுந்து குடித்தனம் நடத்தியிருப்பாள். இப்போது வழியில்லை. காத்திருந்தாள். காத்திருந்தால் அடுத்த வாக்கியம் தானாகவே வந்தது.

மகளோடும் அவன்தான் பேச வேண்டியிருந்தது. வழக்கமாக, "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு அவன் கடமை முடிந்துவிடும்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு."

அவள் பக்கத்தில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த வாரம் மொட்டு பூவான கதையை அவன் மகளுக்கு விவரிக்கத் தொடங்கி, போன் சூடாகும் வரை நிறுத்தவில்லை. "அப்பா, உங்களுக்குள்ள ஒரு ரேடியோ இருந்திருக்கு, எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று மகள் சிரிப்பது பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது.

பிறகு அந்த விடுமுறை நாள் வந்தது. காலையில் புதினா பறிக்கப் போனவள் மாதுளையின் அடியில் ஒன்றைப் பார்த்தாள். சுவரை ஒட்டிய பக்கம், முன்னால் நின்றால் தெரியாத இடத்தில், பட்ட மரத்தின் தூரிலிருந்து செக்கச்செவேலென்று துளிர்கள் கிளம்பியிருந்தன. குழந்தையின் நகம் அளவுதான் ஒவ்வொன்றும். தொட்டால் நோகுமோ என்று விரலை இழுத்துக்கொண்டாள். அவன் கடைக்குப் போயிருந்தான், வந்ததும் காட்டலாம் என்று நினைத்தாள். அடுப்பு வேலையிலும் துணி துவைப்பதிலும் அது தள்ளிப்போனது.

மொட்டை மாடியில் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழே எட்டிப் பார்த்தாள். அவன் ரம்பத்தை மாதுளையின் தூரில் வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கைதட்டினாள். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. துணிக் கிளிப்பை எடுத்து வீசினாள், ரோஜாவில் விழுந்தது. இன்னொன்று, இன்னொன்று. ஒன்றும் அவன் பக்கம் போகவில்லை. ஈரப் போர்வையையே சுருட்டி எறிந்தாள். அது பாதி வழியில் விரிந்து எலுமிச்சையின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. ரம்பம் நகரத் தொடங்கியது.

"வெட்டாதீங்க! உசிரு இருக்கு!"

துருப்பிடித்த கதவைத் திறந்தது போல ஒரு சத்தம். தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

அவன் நிமிர்ந்தான். ரம்பம் கையிலிருந்து நழுவியது. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடி வந்தான். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பண்ணே? என்ன காரியம் பண்ணே நீ?" அவன் கத்தியதை அவள் அதுவரை கேட்டதே இல்லை. "ஒரு மரத்துக்காகத் தொண்டையைப் பாழாக்கிப்பியா? போனாப் போகுது மரம்! அந்த எடத்துல உனக்கு ஒரு பெஞ்ச் போடலாம், வெயில்ல உக்காரலாம்னுதானே வெட்டப் போனேன்!"

அவள் அவன் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள். மாதுளையின் பின்பக்கம் குனிய வைத்து, கிளைகளை விலக்கிக் காட்டினாள். ரம்பம் தோலை மட்டும் கீறியிருந்தது. துளிர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் குந்தி உட்கார்ந்தான். வெகுநேரம் பார்த்தான். "நான் பாக்கவே இல்லையே," என்றான். "தினமும் தண்ணி ஊத்தறவன் நான்." பிறகு முகத்தைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு எழுந்து, எலுமிச்சையின் மேல் கிடந்த போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினான். ஈரப் போர்வையை யாராவது மடிப்பார்களா? அவள் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் முன்னால் அவன் பள்ளிப் பையன் போல நின்றான். "டாக்டர், நேத்து கத்திட்டா. தப்பு என்மேலதான்."

டாக்டர் அவள் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். திரையில் பார்த்தார். மறுபடி பார்த்தார். அவள் கை அவன் கைக்குள் இருந்தது.

"ஆறிடுச்சு," என்றார் டாக்டர். "நேத்து கத்தினதால ஒண்ணும் ஆகல, உங்க அதிர்ஷ்டம். இனிமே கொஞ்சம் கொஞ்சமாப் பேசலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். குரல் முன்ன மாதிரி இருக்காது. கொஞ்சம் கனமாத்தான் வரும். அறிவிப்பு வேலை வேண்டாம், தொண்டை தாங்காது."

அதுதான் நடந்தது. நிலையத்தில் அவளைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். திரையில் வண்டிகளின் நேரத்தைப் பார்த்துச் சரிசெய்கிற வேலை. சேர்ந்த அன்று முதலாம் நடைமேடையில் நின்று புதுப் பெண்ணின் அறிவிப்பைக் கேட்டாள். அது தன் இடம். அந்தப் பெண் 'தாமதமாக' என்ற வார்த்தையைக் கொஞ்சம் அவசரமாகச் சொன்னாள். மற்றபடி நல்ல குரல். கேட்டபடியே நின்றாள். வண்டி வந்து ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். யாரும் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த வேலைக்கு இரவு ஷிஃப்ட் கிடையாது என்பதை அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

வீட்டில் அவன் ஒரு முறம் நிறையப் பச்சைப் பட்டாணியோடு கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தான். வேலை பார்த்த கட்டடத்தின் காவலாளி தன் தோட்டத்திலிருந்து பறித்துக் கொடுத்தாராம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். தோலைப் பிளந்ததும் மணிகள் முறத்தில் உருண்டன. அவன் நாலு உரித்தால் இரண்டு வாய்க்குள் போயின. மழை வருவது போல மண்வாசனை.

"இன்னைக்கு ஒரு கிளி லிஃப்ட்ல மாட்டிக்கிச்சு," என்றான். "வளர்ப்புக் கிளி. எப்படியோ தனியா உள்ள போயிடுச்சு, கதவு மூடிக்கிச்சு. நான் வெளியேர்ந்து, 'பயப்படாதீங்க, இப்பத் தொறந்துடறேன்'னு சொல்லிட்டே இருக்கேன். உள்ளேர்ந்து, 'நீங்க யாரு? நீங்க யாரு?'ன்னு குரல் வருது. ஏதோ பெரியவங்க பதறிப் போயிட்டாங்கன்னு என் பேரு, கம்பெனி பேரு, எத்தனை வருஷ அனுபவம், எல்லாத்தையும் மரியாதையாச் சொல்லிட்டிருக்கேன். கதவைத் தொறந்தா..."

அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. வயிற்றிலிருந்து எழும்பி வந்த சிரிப்பு, தாழ்ந்து, கரகரவென்று, கூழாங்கற்கள் உருளுவது போல. அவன் பட்டாணியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினான்.

"யாருடி இது?"

"நான்தாங்க," என்றாள் அவள்.

"இன்னொரு தடவை சிரி."

"முதல்ல கிளிக் கதையை முடிங்க."

மழையின் முதல் துளிகள் முறத்தில் விழுந்தன. இருவரும் எழுந்திருக்கவில்லை.