காலையில் எடுத்த ஆர்டர்

பேண்டேஜ் துணி நெய்து பிழைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். ராஜபாளையத்திலிருந்து என் மாமனார் ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குத் துணி அனுப்பினார். புது மாடல் உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை. அடிபட்டவன் எந்தக் கம்பெனித் துணியென்று பார்த்தா கட்டுப்போடுவான்? அவர் மகன் ஞானதுரை, அதாவது என் வீட்டுக்காரர், அதே மூளையோடு வீடியோ கேம் செய்ய இறங்கினார்.

எண்பத்தெட்டில் தறி ஷெட்டைக் காலி செய்து, டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி தயாரித்தோம். பெயர் 'ஷாலோம்', பைபிள் பாஷையில் சமாதானம் என்று அர்த்தம். சாமான் டில்லியிலிருந்து வரும். ஷெட்டில் வேலை பார்த்த வெள்ளைத்தாயும் மற்றப் பெண்களும் சால்டரிங் வைத்து, பாகங்களைச் சேர்த்துப் பெட்டியைப் பூட்டுவார்கள். அவர்களுக்கு வேலை பழக்கியவள் நான். சும்மா சொல்லக்கூடாது, முதல் சில வருஷம் இந்தப் பக்கம் டிவி இருந்த வீடுகளில் பாதிக்கு எங்கள் பெட்டிதான். இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. கோட்டை நகர்த்திப் புள்ளியைத் தட்டவேண்டும், அவ்வளவுதான். அதற்கே ஊர் வாயைப் பிளந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. சர்ச்சில் காணிக்கைப் பை எடுத்து வருகிற நடையே மாறிப்போனது.

பிறகு வேறு கம்பெனிகளின் கேசட் பெட்டி வந்தது. அதில் ஆள் ஓடுகிறான், குதிக்கிறான், எதிராளியை உதைக்கிறான். அலுத்துப்போனால் கேசட்டை மாற்றி வேறு விளையாட்டு போட்டுக்கொள்ளலாம். எங்கள் பெட்டியில் கேசட் செருக ஓட்டையே கிடையாது. என் அக்கா ஜெயபாயின் மகன் லீவுக்கு வந்தான். செத்த நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "சித்தி, இந்தப் புள்ளி எப்பம் ஆளா மாறும்?" என்று கேட்டான்.

இவரிடம் சொன்னேன். பிள்ளைகளா காசு கொடுக்கிறார்கள், வாங்குவது தகப்பன், தகப்பனுக்கு அடிதடி பிடிக்காது, புள்ளிதான் பிடிக்கும் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தொண்ணூற்று மூன்றில் மதுரையிலிருந்து சங்கரலிங்கம் என்று ஒருவர் வந்தார். கேசட் பெட்டிக்கு வேண்டிய சாமான் எல்லாம் தருகிறேன், உங்கள் ஷெட்டில் பூட்டிக் கொடுங்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். சாமி கொண்டுவந்து விட்ட ஆள் என்று நினைத்தேன். வேலை குறைந்து பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. இவரோ, மார்க்கெட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டார்.

இவர் மார்க்கெட்டைக் கேட்கிற அழகைச் சொல்லவேண்டும். முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டும்போது போய் நிற்பார். கடை திறந்ததும் வாயிலிருந்து வருகிற முதல் சொல் 'வேண்டாம்' என்று இருக்கக்கூடாது. இருந்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். இது கீரை விற்கிறவளுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொருவரும், ரெண்டு பெட்டி வையுங்கள், விற்றதும் காசு தருகிறேன் என்பார்கள். இவர் அதை ஆர்டர் என்று எழுதிக்கொண்டு வருவார். அவர்கள் சகுனம் பார்ப்பதைக் கேலி செய்வதும் இவர்தான், அந்தச் சகுனத்தில் பிழைப்பு ஓட்டியதும் இவர்தான்.

ஒரு சாயங்காலம் நானே போனேன். தேரடிப் பக்கம் ரேடியோ கடை வைத்திருந்த ஆராவமுதன் எங்கள் பழைய வாடிக்கை. அவர் கடை மாடியில் எங்கள் பெட்டிகள் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் ஒரு டிவி. அந்த டிவியில் கேசட் பெட்டியை மாட்டிப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஷாலோம் அங்கே முக்காலியாக உத்தியோகம் பார்த்தது.

ஆராவமுதன் கூச்சப்பட்டார். "காலங்கார்த்தால கடை தொறக்கறச்சே வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது? அவர் ஒரு நாள் சாயங்காலம் வந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் இவரிடம் சொன்னேன். காலையில் போகாதீர்கள், விளக்கு வைத்த பிறகு போய்க் கேளுங்கள் என்று கெஞ்சினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மறுநாள் விடியுமுன்னே கிளம்பிப் போனார். கை நிறையப் பால்கோவாவோடு திரும்பி வந்தார்.

"ஆராவமுதன் இன்னைக்கும் ரெண்டு எடுத்திருக்காரு. நீ எதையோ பாத்துட்டு வந்து ஒளறுதே" என்றார். அன்று மத்தியானமே சங்கரலிங்கத்துக்கு ட்ரங்க் கால் போட்டு, உங்கள் சாமான் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பால்கோவாவை அவர் தலையில் அப்பலாம்போல் இருந்தது.

சங்கரலிங்கம் அழுதுகொண்டா இருப்பார்? பெட்டி பூட்ட ஆராவமுதன் கடை மாடியையே வாடகைக்குப் பிடித்தார். மாடியைக் காலி செய்ய வேண்டி, எங்கள் பெட்டிகள் முழுவதும் ஒரு வேனில் வந்து இறங்கின. ஒரு கடை துணிந்ததும் மற்றக் கடைகளும் அனுப்பின. ஷெட் கூரை வரைக்கும் ஷாலோம். பெண்கள் உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். "போன வாரம்கூட வாங்குனானே" என்று இவர் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெள்ளைத்தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, எங்க எல்லாரையும் அந்த மாடிக்குக் கூப்பிடுதாக. வேலை பழக்க ஒரு ஆளும் வேணுமாம். நீங்களும் வாங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை நான் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது இவர் வாசலை மறித்து நின்றார்.

"மொதலாளி பொண்டாட்டி பஸ் ஏறிப்போயி இன்னொருத்தங்கிட்ட வேலை பாப்பாளா?"

"யாருக்கு மொதலாளி?" என்றேன்.

அவர் ஷெட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே ஆள் ஒருவரும் இல்லை. வழியை விட்டு ஒதுங்கி, சாப்பாட்டுக்கு என்ன செய்ய என்று கேட்டார். அடுப்பில் சோறு இருக்கிறது, வடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.