இரக்கப்படாமல் சொல்ல வேண்டிய பெயர்

டெக்சாஸ் மாநிலத்தின் காப்பெல் நகரில் வசித்த அஞ்சனா மகாதேவனின் உடம்பில் இருந்த ஊக்கமருந்து, 2022 ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல் நாலேகால் மணிக்கு, பதினொரு மைல் தள்ளி இர்விங்கில் ஒரு மளிகைக் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த கஜமுகனின் உடம்புக்குள் போனது. அன்று வெயில் நூற்று மூன்று டிகிரி. முதல் குப்பியில் மருந்து அகப்பட்டபின் மறுசோதனைக்காக ஆய்வுக்கூடத்தில் முத்திரையிட்டு வைத்திருந்த அவளுடைய இரண்டாவது சிறுநீர்க் குப்பியிலிருந்தும் அது அதே நிமிடத்தில் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை அந்தக் குப்பியைச் சோதித்தார்கள். சுத்தமாக இருந்தது. அவள் பேரில் இருந்த விசாரணையை மூடிவிட்டார்கள்.

மருந்தைக் கொடுத்தவர் மகாதேவன்தான். இணையத்தில் வாங்கி, ஜனவரியிலிருந்து தினமும் காலையில் பாதாம் பாலில் ஆறு சொட்டு விட்டு மகளுக்குக் கொடுத்துவந்தார். மனைவி மீனாக்ஷிக்குத் தெரியும். பதினேழு வயது அஞ்சனாவுக்கும் தெரியும். அவள் எதுவும் கேட்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பாள். பட்டர்ஃபிளை நீச்சலில் மாநிலத்தில் நான்காவதாக வந்தாள். நவம்பரில் ஒரு பெரிய பல்கலைக்கழக அணியில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. மருந்து எப்படி உடம்புக்குள் வந்தது என்று விளக்கம் கேட்டு ஒரு படிவம் வந்தது. அதை நிரப்புவதற்காக அந்தச் சனிக்கிழமை நான்கு பேர் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தார்கள்: மகாதேவன், மீனாக்ஷி, ஊர்த் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் திருமூர்த்தி, இரண்டு வீடு தள்ளி இருக்கும் அனந்தலக்ஷ்மி. அனந்தலக்ஷ்மியின் மகன் ஆர்யன் பள்ளியில் மல்யுத்தம் செய்கிறவன்.

"யாராச்சும் கலந்திருக்கணும்ல," என்றார் திருமூர்த்தி. "ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு மோர் ஊத்துனது யாரு?"

"அந்த சிலோன் ஆளு. மீன் கடைல நிப்பானே, ஒரு கை விளங்காம," என்றாள் அனந்தலக்ஷ்மி. "பார்டர் தாண்டி வந்தவன். எந்தெந்த நாடு வழியா வந்தானோ, என்னென்ன கொண்டு வந்தானோ."

"நம்ம ஆளுங்க பண்ண மாட்டாங்க," என்றார் மகாதேவன். அவர் பதினான்கு ஆண்டுகளாக கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்.

"அவனும் தமிழ்தானே," என்றாள் மீனாக்ஷி.

"பொங்கலுக்குத் தமிழ்தான். இதுக்கு இல்ல," என்றார் திருமூர்த்தி. எல்லோரும் சிரித்தார்கள், மீனாக்ஷியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது நான்கு பேருக்கும் அவன்தான் செய்தான் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. மகாதேவன் படிவத்தில் பெயரை எழுதிச் சத்தமாகப் படித்தார். மணி நாலேகால்.

கஜமுகனுக்கு வயது முப்பத்தாறு. போர் முடிந்த வருடம் ஒரு முகாமில் அவனை இடது கையில் கட்டி இரண்டு நாள் தொங்கவிட்டிருந்தார்கள். அதிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பியதில்லை. முதுகில் பதினேழு இடத்தில் சிகரெட்டால் சுட்ட வடு. பிரேசிலிலிருந்து பனாமாக் காடு வழியாக நடந்து டெக்சாஸுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டவனிடம் வேறு சாட்சியம் எதுவும் கிடையாது. ஊரில் அவனுக்காகச் சாட்சி சொல்லக்கூடிய இரண்டு பேரும் செத்துப்போயிருந்தார்கள். அந்தக் கையையும் முதுகையும் பரிசோதித்து ஒரு டாக்டர் எழுதிய ஒன்பது பக்க அறிக்கைதான் வழக்கு. விசாரணை அக்டோபர் பதினெட்டாம் தேதி. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நாலேகாலுக்கு இடது கை சூடானது. வஞ்சிரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள் அதை இரண்டாகப் பிய்த்துவிட்டன. அன்று மாலை பதின்மூன்று ஆண்டுகளில் முதல் தடவையாக இரண்டு கையாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்தான். குளியலறையில் நின்று அழுதான், சந்தோஷத்தில். ஒரு மாதத்தில் தோள்கள் கதவு அகலத்துக்கு வந்தன. கழுத்து தொடையளவு ஆனது. முதுகுத் தோல் இழுபட்டு விரிந்ததில் சிகரெட் வடுக்கள் ஒவ்வொன்றாக மங்கி, செப்டம்பர் கடைசியில் இரண்டு மட்டும் மிச்சம் இருந்தன. அவற்றையும் தேமல் என்று சொல்லலாம்.

அவனுடைய வழக்கறிஞர் நிருஜா நியூ ஜெர்சியில் வளர்ந்த யாழ்ப்பாணப் பெண். அவனிடம் காசு வாங்காமல் வாதாட ஒப்புக்கொண்டவள். அலுவலகத்துக்குள் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தவனைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

"அண்ணா, இதென்ன கோலம்? கை தூக்கேலாது எண்டு ஜூன்லதானே டாக்டர் எழுதித் தந்தவர்?"

"தானா வந்தது தங்கச்சி."

"தானா வருமோ? ஊசி போட்டனீங்களோ? உண்மையச் சொல்லுங்கோ."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அஞ்சனாவின் சிறுநீரில் இருந்த அதே மருந்து, அதே அளவு. நிருஜா அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

காரணத்தைச் சொன்னவர் திருமூர்த்திதான். ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்க வந்த இடத்தில், "தம்பி, மகாதேவன் பொண்ணு மருந்து கேஸுக்கு ஒரு லெட்டர்ல உன் பேரப் போட்டிருக்கோம், சும்மா ஃபார்மாலிட்டி, மனசுல வச்சிக்காத," என்றார். பிறகு அவன் தோளைப் பார்த்தார். இறாலை வாங்காமல் போய்விட்டார்.

மறுநாள் கஜமுகன் ரயிலிலும் பிறகு இரண்டு மணி நேரம் நடந்தும் காப்பெலுக்குப் போனான். அந்தத் தெருவில் நடைபாதை இல்லாததால் புல்வெளிகள் மேல் நடந்தான். ஒருவர் போலீசுக்கு போன் செய்தார், ஆனால் அவர்கள் வருவதற்குள் அவன் மகாதேவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"ஐயா, பிள்ளை எழும்பி வரட்டும், எனக்குச் சந்தோசம். என்ர பேரை மட்டும் எடுத்துவிடுங்கோ. பதினெட்டாம் தேதி எனக்குக் கேஸ். இந்த உடம்போட போனா ஒருத்தரும் நம்பமாட்டினம். ஒருக்கா உண்மையச் சொன்னீங்களெண்டா இது இறங்கிடும்."

"இறங்கி எங்க போகும்?" என்று கேட்டார் மகாதேவன்.

கஜமுகன் உள்ளே எட்டிப் பார்த்தான். மாடிப்படியில் அஞ்சனா ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நவம்பர்ல இவளுக்கு சைனிங் இருக்கு தம்பி. அது முடியட்டும், பாக்கலாம்," என்றார் மகாதேவன். மீனாக்ஷி ஒரு பழைய தயிர் டப்பாவில் புளியோதரை கொண்டுவந்து கொடுத்தாள். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்றாள்.

"டாட், ஹூ இஸ் தட்?"

"மீன் கடை ஆளும்மா."

"ஜஸ்ட் ஸே ஸாரி ஆர் சம்திங்," என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள். யாரும் ஸாரி சொல்லவில்லை.

விசாரணைக்கு அவனுக்குச் சட்டை கிடைக்கவில்லை. நிருஜா இரண்டு சட்டைகளைக் கொடுத்து தையல்காரரிடம் ஒன்றாக்கச் சொன்னாள். நீதிபதி ஒன்பது பக்க அறிக்கையைப் படித்தார், அவனைப் பார்த்தார், மறுபடி படித்தார். கையைத் தூக்கச் சொன்னார். எந்தக் கை என்று மொழிபெயர்ப்பாளர் கேட்பதற்குள், பொய் சொல்லத் தெரியாத கஜமுகன் இரண்டையும் தூக்கினான். இந்த அறிக்கையில் இருக்கும் மனிதர் இந்த அறையில் இல்லை என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். விண்ணப்பம் தள்ளுபடி. நவம்பரில் அஞ்சனா கையெழுத்துப் போட்டாள். கழகம் கேக் வெட்டியது.

அவனை அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தபோது முதலில் பதறியவள் அனந்தலக்ஷ்மி. ஜனவரியில் ஊக்கமருந்துச் சோதனையில் ஆர்யன் மாட்டியிருந்தான். அவள் குடும்பத்தோடு உட்கார்ந்து கஜமுகன் பெயரைச் சொன்னாள், மறுநாள் ஆர்யன் சுத்தமாகிவிட்டான். விஷயம் பரவியது. பேர்லேண்டில் ஒரு டாக்டரின் மகள் பளு தூக்குகிறவள். இருநூற்று நாற்பது மைல் தூரத்திலிருந்தும் அவளுடைய மருந்து அவனிடம் போய்ச் சேர்ந்தது. தூரம் முக்கியமில்லை, அவன்தான் செய்தான் என்ற நம்பிக்கைதான் முக்கியம். அதைச் சண்முகப்ரியா வழியாகத் தெரிந்துகொண்டார்கள். அவளுடைய மகன் கிரீஷ் ஓட்டப்பந்தயக்காரன். பெயரைச் சொல்லும்போது அவளுக்கு அந்த மனிதனை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. மருந்து நகரவேயில்லை. கிரீஷுக்கு நான்கு வருடத் தடை. இப்போது கார் கழுவும் இடத்தில் வேலை செய்கிறான், அம்மாவோடு பேசுவதில்லை. அதற்குப் பிறகு யாரும் கண் கலங்கவில்லை.

மேல்முறையீட்டுச் செலவைக் கழகமே ஏற்றுக்கொண்டது. நிருஜாவை மாற்றிவிட்டு மெதுவாக வேலை செய்வதில் பெயர் பெற்ற ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார்கள். வழக்குத் தோற்றால் கஜமுகன் போய்விடுவான். ஜெயித்தால் கிரீன் கார்டு வாங்கி, வீடு வாங்கி, நாலு வருடத்தில் கழகத்துக்குச் சந்தா கட்டுவான், அப்புறம் நம்ம ஆளாகிவிடுவான், அவன் மேல் எதுவும் ஒட்டாது. இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று திருமூர்த்தி பொதுக்குழுவில் சொன்னார். கை தூக்கி ஒப்புக்கொண்டார்கள். "பாவம், ஆனா அவனுக்கும் இங்க இருக்கணும்தானே," என்றாள் மீனாக்ஷி. பாவம் என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்று தீர்மானித்தார்கள்.

கஜமுகன் ஒருமுறை கழகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதினான். தன்னைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை, வழக்கை முடித்துவிடுங்கள் என்று இருந்தது. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார முடியாததால் இப்போது அவன் அரிசி மூட்டைகள் மேல் உட்காருகிறான். இதயம் சாதாரண மனிதனுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கழகம் ஒரு நல்ல கார்டியாலஜிஸ்டை ஏற்பாடு செய்தது. வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறார், நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்.

புதிதாகக் குடிவருகிற குடும்பங்களுக்குக் கழகம் ஒரு தாள் தருகிறது. எந்தப் பள்ளி, எந்த டேகேர், எந்தப் பல் டாக்டர், கோயிலுக்கு எந்த ஃப்ரீவே என்று எல்லாம் இருக்கும். கீழே கஜமுகனின் முழுப் பெயரும், அதைச் சொல்ல வேண்டிய முறையும் இருக்கும். அவனுடைய அடுத்த விசாரணைத் தேதி 2033 மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அனந்தலக்ஷ்மியின் இரண்டாவது பிள்ளை ஒரு மகள், இப்போது ஒன்பது வயது. நன்றாக நீந்துகிறாள்.