உடைக்காத பக்கற்றுகள்

உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து போன் வந்த மறுநாளே தவநாயகி சின்ன அறையைக் காலி செய்யத் தொடங்கினாள். பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வருகிறாள், பெயர் அஞ்சலீனா என்று சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தாயும் தகப்பனும் ஒரே நாளில் ஷெல்லடியில் போய்விட்டார்கள். உறவினர்கள் அவளை ஜேர்மனியில் இருக்கும் தாய்மாமனிடம் சேர்க்கச் சொல்லி ஆட்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விடும் ஓர் ஏஜென்சிக்காரனோடு அனுப்பியிருந்தார்கள். அவன் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் அவளை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று போனவன்தான். மாமனின் விலாசமும் அவனோடு போய்விட்டது. மாமனைத் தேடிப் பிடிக்கும்வரை ஒரு தமிழ் வீட்டில் அவளை வைத்திருக்க கவுன்சில் விரும்பியது. வளர்ப்புக் குடும்பமாகப் பதிந்திருந்த தவநாயகிக்கும் அவள் கணவன் சிவானந்தனுக்கும் அது முதல் அழைப்பு. 1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அது.

மோர்டனில் இருந்த அந்த வீட்டின் சின்ன அறையில் பழைய சூட்கேஸ்களும், வேலை செய்யாத ஒரு ஹீற்றரும், துணி அயர்ன் பண்ணும் பலகையும் கிடந்தன. எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்த சிவானந்தன், அலுமாரியின் மேல் இருந்த ஒரு சின்ன அட்டைப்பெட்டியை மட்டும் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கீழே போனான். அது என்ன பெட்டி என்று தவநாயகிக்குத் தெரியும்.

அது 1987இல் ரொறன்ரோவிலிருந்து வந்தது. சிவானந்தனின் அண்ணன் குலசேகரம் அனுப்பியிருந்தார். உள்ளே பேஸ்போல் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள், மெழுகுத்தாளில் சுற்றிய சின்னச் சின்னப் பக்கற்றுகளாக நிறைய இருந்தன. "இஞ்ச பிள்ளையள் இதுக்குத்தான் அடிபடுதுகள். உனக்குப் பிறக்கிறது பொடியனோ பெட்டையோ, வளந்து தன்ர கையாலை உடைக்கட்டும்" என்று போனில் சொல்லிச் சிரித்தார். தவநாயகிக்கு அப்போது எட்டாம் மாதம். பெட்டி வந்த அதே கிழமையில் குழந்தையின் அசைவு நின்றது. ஆண் குழந்தை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. அதைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் இருவரும் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

அஞ்சலீனா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவி வைத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தவநாயகி அவளைத் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பூசை முடியும்வரை பின் வரிசை வாங்கில் இருப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். ஆனாலும் பிள்ளை வீட்டில் ஒரு விருந்தாளியைப் போலவே நடந்துகொண்டது தவநாயகிக்கு வருத்தமாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையிலிருந்து தூசி உறிஞ்சும் ஹூவரை எடுக்கப் போனபோது அஞ்சலீனா அந்தப் பெட்டியைக் கண்டாள். கையில் ஒரு பக்கற்றோடு வரவேற்பறைக்கு வந்தாள். சிவானந்தன் பஸ் டிப்போவில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து சோபாவில் சாய்ந்திருந்தான்.

"அங்கிள், இதுக்குள்ள என்ன?"

"பேஸ்போல் காட். அமெரிக்காவிலை விளையாடுற ஆக்களின்ர படம்."

"எங்கட வகுப்பிலை ஃபுட்போல் காட் வச்சிருக்கினம். இது உடைக்கேல்லையே?"

"இல்லை."

"ஆர் ஆர் இருக்கினமெண்டு தெரியாமலே எப்பிடி அங்கிள் இவ்வளவு நாளும் வச்சிருந்தனீங்கள்?"

சிவானந்தன் நிமிர்ந்து இருந்தான். "அது பழைய சாமான் பிள்ளை. உடைச்சால் பழுதாப் போயிடும்" என்றான். அவள் தலையாட்டிவிட்டு, பக்கற்றை ஒருமுறை மோந்து பார்த்து, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

அந்தக் கேள்வி அவனை விடவில்லை. விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் பழைய அட்டைகள், முத்திரைகள், நாணயங்கள் விற்கும் சந்தை நடக்கிறதென்று டிப்போவில் யாரோ சொல்ல, அடுத்த சனிக்கிழமை இரண்டு பக்கற்றுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அமெரிக்க அட்டைகள் விற்ற ஒரு வெள்ளைக்காரர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஆண்டு முதன்முதலாக அட்டையில் வந்த இளம் ஆட்டக்காரன் ஒருவன் இருக்கிறான், நல்ல விலை போகும் அவனுடைய அட்டை சில பக்கற்றுகளுக்குள் இருக்கும், எதற்குள் என்று யாருக்கும் தெரியாது என்றார். மூடியபடியே வைத்திருந்தால் பெட்டிக்கு ஆண்டுக்காண்டு மதிப்புக் கூடும், திறந்தால் பெரும்பாலும் வெறும் கடதாசிதான் மிஞ்சும் என்றார். கடைசியாக அந்த ஆட்டக்காரனின் பெயரை ஒரு துண்டில் எழுதியும் கொடுத்தார்.

சிவானந்தன் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தான். சமையலறை மேசையில் பெட்டியை வைத்து, காற்றுப் போகாமல் பிளாஸ்டிக் தாளால் சுற்றத் தொடங்கினான். தவநாயகி மரக்கறி வெட்டிக்கொண்டே பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"உடைக்கக் கூடாதாம். தெரிஞ்ச மனுசன் சொல்லுறார். வச்சிருந்தால் மதிப்பாம்."

"வித்துப்போட்டு வாங்கோ அப்ப."

"இப்ப விக்கிறேல்லை. இன்னும் கொஞ்ச வருசம் போகட்டும்."

தவநாயகி கத்தியை வைத்தாள். "விக்கவும் மாட்டியள், உடைக்கவும் மாட்டியள். அந்த மனுசன் உங்களுக்கு உடைக்காமல் இருக்க ஒரு சாட்டுத் தந்திருக்கிறார், அவ்வளவுதான்."

"என்ன சாட்டு?"

"ஆருக்காக அதை வச்சிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். நான் அவனைச் சுமந்தனான். அவன் வந்து உடைக்கமாட்டான் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது. உங்களுக்கு இன்னும் விளங்கேல்லை."

ஒன்பது வருடங்களில் முதல் தடவையாக அவள் அதைச் சொன்னாள். சிவானந்தனுக்குக் கோபம் வந்தது. பிளாஸ்டிக் சுற்றிய பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் படிக்குக் கீழே வைத்து, கதவைச் சற்றுப் பலமாகவே சாத்தினான். பிறகு பின்வளவில் நின்று சிகரெட் பிடித்தான். அவள் சொன்னது பொய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். முடியவில்லை. அந்தப் பெட்டி மூடியிருக்கும்வரை யாரோ ஒருவன் அதைத் திறக்க வரப்போகிறான் என்ற நினைப்பு தன் மனதின் ஏதோ ஒரு மூலையில் இருந்தே வந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது. அந்த நினைப்பை விட அவனுக்கு மனமில்லை.

மே மாதத்தில் கவுன்சிலின் சோஷல் வேர்க்கர் நல்ல செய்தி என்று சொல்லிக்கொண்டு வந்தார். அஞ்சலீனாவின் மாமனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் செபமாலைமுத்து, டோட்முண்ட் நகரத்தில் இருக்கிறார், கோடையில் பிள்ளையைப் பார்க்க வருவார். எல்லாம் சரியாக இருந்தால் கூட்டிக்கொண்டும் போகலாம். அஞ்சலீனா கைகளை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓம்" என்றாள். சோஷல் வேர்க்கர் போன பிறகு தவநாயகி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மழை விடாமல் பெய்தது. அஞ்சலீனா ஜன்னலோரம் இருந்து, ரோட்டில் குடையோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவானந்தன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை சனிக்கிழமை இந்த ஜன்னலில் இருக்கும் என்று நினைத்தான். எழும்பிப் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்து, கம்பளத்தின் நடுவில் வைத்தான்.

"வா பிள்ளை. உடைப்பம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "பழுதாப் போயிடும் எண்டனீங்கள்."

"போனால் போகட்டும். நாயகி, நீரும் வாரும்."

தவநாயகி ஈரக் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து கம்பளத்தில் அமர்ந்தாள். முதல் பக்கற்றை சிவானந்தன் எடுத்தான். பஸ் எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் விரல்களுக்கு அந்த மெழுகுத்தாள் பிடிபடவில்லை. அஞ்சலீனா வாங்கி, நகத்தால் மடிப்பைக் கிளப்பித் திறந்தாள். உள்ளே அட்டைகளோடு ஒரு துண்டுச் சூயிங்கம் இருந்தது. தொட்டதும் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. அவள் ஒரு துணுக்கை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, உள்ளங்கையில் துப்பினாள்.

"சோக்குக் கட்டி மாதிரி இருக்கு அன்ரி."

அட்டைகளில் இருந்த ஒருவரையும் அவர்களுக்குத் தெரியாது. எப்படி அடுக்குவது என்று கொஞ்சம் யோசித்த அஞ்சலீனா, மீசை உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை மறுபக்கமும் வைத்தாள். மீசைக்காரர்கள்தான் அதிகம். மட்டையோடு நின்ற ஒருவரைத் தூக்கிக் காட்டி, "இவர் எங்கட கணக்கு வாத்தியார். பிரம்பை மட்டும் பெரிசாக்கி வச்சிருக்கிறார்" என்றாள். தவநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஆளுக்கொரு பக்கற்றாக முறைவைத்து உடைத்தார்கள்.

பெட்டியில் பாதி முடிந்தபோது அஞ்சலீனா கேட்டாள்: "இது ஆருக்கு வாங்கினது அங்கிள்?"

சிவானந்தன் கையிலிருந்த பக்கற்றைப் பார்த்தான். "எங்களுக்கு ஒரு மகன் பிறக்க இருந்தவர். என்ர அண்ணை அவருக்கெண்டு அனுப்பினவர். மகன் பிறக்க முந்தியே செத்துப்போனார்."

மகன் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து தவநாயகி அதுவரை கேட்டதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவருக்குப் பேர் என்ன?"

"வைக்கேல்லை."

அஞ்சலீனா ஒரு அட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு, "எங்கட அம்மாவுக்குச் சிரிக்கிற ஆக்களின்ர படமெண்டால் விருப்பம்" என்றாள். "கலண்டரிலை சிரிக்கிற படம் வந்தால் மாசம் முடிஞ்சும் கிழிக்க விடமாட்டா. அப்பா பேசுவார், இண்டைக்கு என்ன திகதி எண்டே தெரியாமல் இருக்கிறம் எண்டு."

அந்த வீட்டுக்கு வந்தபிறகு தாய் தகப்பனைப் பற்றி அவள் சொன்னது அதுதான் முதல். தவநாயகி தன் முன்னால் இருந்த குவியலில் தேடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்த ஒருவரை எடுத்து நீட்டினாள். அஞ்சலீனா அதை வாங்கி மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் நிறையக் கதைத்தாள். வீட்டில் நின்ற ஆட்டைப் பற்றி, தகப்பன் ஓடிய மோட்டார் சைக்கிளைப் பற்றி. இடையில் அழுதாள். தவநாயகி அணைத்துக்கொள்ள, அழுது முடித்துவிட்டு அடுத்த பக்கற்று யாருடைய முறை என்று கேட்டாள்.

சந்தைக்காரர் எழுதிக் கொடுத்த பெயருள்ள அட்டையும் ஒரு பக்கற்றில் வந்தது. சூயிங்கம் அவன் முகத்தோடேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தபோது மூக்கும் கூடவே போனது. சிவானந்தன் பெயரை இரண்டு தரம் வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு நிற்கவில்லை.

ஜூலை மாதம் செபமாலைமுத்து லண்டன் விக்ரோரியா பஸ் நிலையத்தில் ஜேர்மனி பஸ்ஸால் வந்து இறங்கினார். மெலிந்த, கூச்சமுள்ள மனிதர். ஒரு பீட்சாக் கடைச் சமையலறையில் வேலை. இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில் இருந்தார். அஞ்சலீனாவைக் கண்டதும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். சொந்த அக்காவின் முகமே எதிரே வந்து நின்றது என்று பிறகு தவநாயகியிடம் சொன்னார். நான்கு நாள் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். பிள்ளை படியால் ஓடி ஏறுவதையும், சாப்பாட்டு மேசையில் சிவானந்தனோடு வாக்குவாதப்படுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முதல்நாள் அவரே கதையைத் தொடங்கினார். "அண்ணை, நான் சொந்தக்காரன். விட்டுட்டுப் போறனெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. ஆனால் என்னோடை வந்தால் பிள்ளை திரும்பவும் ஒரு பாஷை படிக்கவேணும். நான் வேலைக்குப் போனால் தனிய. என்ன செய்யிறதெண்டு அவளையே கேப்பம்."

அஞ்சலீனா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "லீவுக்கு வாறன் மாமா. கட்டாயம் வருவன். பள்ளிக்கூடத்துக்கு இஞ்ச போறன்" என்றாள். பிறகு சிவானந்தனிடம் திரும்பி, "ஏலும்தானே அங்கிள்?" என்றாள்.

"ஏலும்" என்றான் சிவானந்தன்.

கவுன்சிலும் சம்மதித்தது. செப்ரெம்பரில் அவள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். முதல் நாள் இருவரும் வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு அவளோடு பஸ் தரிப்பிடம்வரை நடந்தார்கள். கோட்டின் கைகள் அவளுக்கு நீளமாக இருந்தன. வளர்ந்தால் சரியாகும் என்று தவநாயகி தெரிந்தே பெரிதாக வாங்கியிருந்தாள். பஸ் வந்ததும் மேல்தட்டிலிருந்து சிநேகிதி கையசைத்தாள். அஞ்சலீனா ஓடி ஏறினாள். பஸ் திருப்பத்தில் மறையும்வரை இருவரும் நின்றார்கள்.

"ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை" என்றாள் தவநாயகி.

"நல்லதுதானே" என்றான் சிவானந்தன். "பின்னேரம் வீட்டைதானே வரப்போறாள்."