ஆறு மட்டும் போதும்

கணுக்கால் எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று கிளாங் ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாளே நான் வேனில் ஏறிவிட்டேன். ஆசையினால் அல்ல. இரண்டு மாதமாக ஷா ஆலம் ஆய்வகத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் போய்விட்டது. இருபத்தோரு வருடமாகப் போத்தலில் தண்ணீர் பிடிக்கிறவளுக்கு நாற்காலி ஒத்துவரவில்லை.

வேனை ஓட்டியவர் அய்யாவு அண்ணன். எங்கள் ஆய்வகத்துக்கு ஓட்டுநர், படகோட்டி, சாமான் தூக்கி எல்லாம் அவர்தான். நான் ரயில் நிலையப் படியில் வழுக்கி விழுந்து கிடந்த வாரங்களில் தண்ணீர் எடுத்து வந்ததும் அவர்தான்.

பெரிய விஞ்ஞானம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெஞ்சாரோம் பக்கத்து ஆற்றில் வாரம் ஒரு முறை தண்ணீர் எடுப்போம். அதில் அம்மோனியா எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்று பார்ப்போம். நீர்நாய் கண்ணில் பட்டதா என்று பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. இரண்டு வருடமாக அதில் இல்லை, இல்லை என்று எழுதி எனக்கே வெறுத்துவிட்டது. தண்ணீர் எடுக்க மொத்தம் ஆறு இடங்கள். முதல் ஐந்தும் ஆற்றின் நடுவே, படகில் போக வேண்டும். ஆறாவது மட்டும் கரையில். கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர் ஓடி வரும் வாய்க்கால் அது. அய்யாவு அண்ணன் அதை லோங்காங் என்பார்.

வாய்க்காலை ஒட்டிப் பதினெட்டு வீடுகள். கடைசி வீடு தாமரையுடையது. நாற்றம் தாங்காமல் முதலில் புகார் எழுதியவள் அவள்தான். பதினெட்டு வீட்டிலும் கெஞ்சிக் கூத்தாடிக் கையெழுத்து வாங்கி, வேலைக்கு லீவு போட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். அவள் புகாருக்காகத்தான் ஆறாவது இடத்தையே எங்கள் பட்டியலில் சேர்த்தோம். அங்கே அம்மோனியா லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதே கிடையாது.

நான் விழுந்த அதே வாரம் படகு இன்ஜினும் படுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியோடு வலியாக அய்யாவு அண்ணனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: “அண்ணே, போட் ரெடியாகுற வரைக்கும் ஆறு மட்டும் போதும்.” அவரும் வாரா வாரம் ஒரு போத்தல் கொண்டுவந்தார். மேலே ‘ஆறு’ என்று முத்து முத்தாக எழுதியிருக்கும். எண்ணாக எழுதினால் அவருடைய ஐந்தும் ஆறும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தது நான்தான். ஆய்வகத்தில் வேறு யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. நான் பார்த்து, ஆறாம் இடம் என்று கணினியில் பதிந்துவிடுவேன்.

எண்கள் மளமளவென்று இறங்கின. முதல் வாரம் ஒன்று. அடுத்த வாரம் அதற்கும் கீழே. தொழிற்சாலைக்காரர்கள் சுத்திகரிப்புக்குப் புதுத் தொட்டி கட்டியிருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சரி, ஒருவழியாகத் திருந்தித் தொலைந்தார்களே என்று நினைத்தேன். இந்த வேலையில் நல்ல செய்தி வந்து எத்தனை வருடமாயிற்று! மூன்றாவது வாரம், அந்தச் சந்தோஷத்தில் தாமரைக்கு வாட்ஸ்அப்பில் அட்டவணையை அனுப்பினேன். கீழே கட்டைவிரல் படம் வேறு போட்டேன்.

கணுக்கால் கூடி நான் வேனில் ஏறிய அன்றைக்கு, அய்யாவு அண்ணன் வண்டியை ஆற்றுப் பாலத்தின் மேல் நிறுத்தினார். பின்னாலிருந்து வாளியையும் கயிற்றையும் எடுத்தார்.

“என்னண்ணே, இங்க நிப்பாட்டிட்டீங்க?”

“தண்ணி எடுக்கணும்ல தங்கச்சி.”

“இங்கயா? லோங்காங் அந்தப் பக்கம் லா.”

“நீங்கதான லோங்காங் வேணாம்னு சொன்னீங்க?”

“நான் எப்பண்ணே சொன்னேன்?”

“ஆறு மட்டும் போதும்னு சொன்னீங்கல்ல. போட் வேற இல்ல. அதான் பாலத்துலேருந்து வாளிய விட்டு ஆத்துத் தண்ணிய எடுத்தேன். ஏழு வாரமா இப்படித்தான்.” சொல்லிக்கொண்டே போத்தலை நீட்டினார். ‘ஆறு’ என்று அழகாக எழுதியிருந்தது.

அடப் பாவி மனுஷா என்று கத்த வாயைத் திறந்தேன். எதைச் சொல்லிக் கத்துவது? அவர் சொன்னபடி செய்திருக்கிறார். சொன்னவள் நான். சிக்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஊரே சிக்ஸ் என்றுதான் சொல்கிறது. அன்றைக்குப் பார்த்து எனக்குத் தமிழ் பொங்கிவிட்டது.

“தப்பாப் போச்சா தங்கச்சி?” அவர் முகம் சுருங்கிவிட்டது.

“உங்க மேல ஒண்ணும் இல்லண்ணே. வண்டிய லோங்காங் பக்கம் விடுங்க.”

வாய்க்காலில் வெள்ளை நுரை மிதந்தது. கண் எரிந்தது. புதுத் தொட்டியாம்! மூச்சை அடக்கிக்கொண்டு நானே குனிந்து எடுத்தேன். சாயங்காலம் ஆய்வகத்தில் பார்த்தால் அம்மோனியா பதினொன்று.

எங்கள் திட்டத்தின் தலைவர் யுகேந்திரன் சார். என்னைவிட எட்டு வயது இளையவர். கெட்டவர் இல்லை, என்னை மாதிரியே களைத்துப் போனவர். நான் சொல்லி முடிக்கும்வரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கலா, மாசக் கடைசில ப்ராஜெக்ட் முடியுது. ரிப்போர்ட் போயாச்சு. இப்பப் போயி ஏழு வாரம் வேற எடத்துத் தண்ணின்னு சொன்னா, ரெண்டு வருஷ டேட்டாவையும் நம்ப மாட்டாங்க லா.”

“சொல்லலன்னா?”

“அடுத்த வருஷம் வேற யாராச்சும் அங்க டெஸ்ட் பண்ணுவாங்க.”

வேறு யாராச்சும்! இருபத்தோரு வருடமாக அந்த ஆளைத்தான் நானும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரைக்கும் வந்தபாடில்லை. அன்றே புகார் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஏழு வார எண்களும் தவறு, தவறு என்னுடையது, புது எண் பதினொன்று. சார் இரண்டு முறை படித்தார். “அனுப்புங்க. நான் தடுக்கல,” என்றார்.

புகார் அலுவலகத்திலிருந்து பதில் வர ஒரு மாதமாவது ஆகும் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. அந்தப் புகாரை மூடி இரண்டு வாரம் ஆகிறதாம். புகார் கொடுத்தவரே எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கிவிட்டாராம். மீண்டும் விசாரிக்க வேண்டுமானால், அங்கே குடியிருப்பவர்களின் கையெழுத்தோடு புதுப் புகார் வேண்டுமாம்.

தாமரையா? இவளுக்கென்ன கிறுக்கா? இத்தனை அலைந்துவிட்டு அவளே போய் மூடுவாளா? யாராவது மிரட்டிவிட்டார்களா? சனிக்கிழமை கிளாங்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

“வாங்கக்கா. கால் பரவால்லயா? பசியாறிட்டீங்களா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பசியாறுகிற நிலையிலா இருந்தேன்? ஒன்று விடாமல் சொன்னேன். வாய்ஸ் மெசேஜ், பாலம், வாளி, பதினொன்று. அவள் கையைப் பிசைந்துகொண்டு கேட்டாள்.

“நீ ஏன் தாமரை வாபஸ் வாங்குன? யாராச்சும் மெரட்டுனாங்களா?”

“யாரும் மெரட்டலக்கா. நீங்கதான சுத்தமாயிருச்சுன்னு அனுப்புனீங்க. எனக்கு மட்டும் நாத்தம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, மெஷினே இல்லங்குது, ஒனக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சுங்கறாரு. அக்கம்பக்கத்துல, பழகிருச்சு விடுங்கறாங்க. சரின்னு கிளினிக் போனேன். லைட் அடிச்சுப் பாத்தாங்க. கோவிட் வந்து போனவங்களுக்கு இல்லாத நாத்தமெல்லாம் தெரியுமாம். மூக்குல அடிக்க மருந்து குடுத்தாங்க. காலையிலயும் சாயங்காலமும் அடிச்சுக்கிறேன். பொய்யா ஒரு புகார் நம்ம பேர்ல இருக்கக் கூடாதேன்னு நானே போயி எழுதிக் குடுத்தேன்க்கா.”

நான் கைப்பேசியை எடுத்து அந்தப் பதினொன்றைக் காட்டினேன்.

“அப்போ என் மூக்கு நல்லாதான் இருக்காக்கா?”

“நல்லாத்தான் இருக்கு தாமரை. தப்பு எங்கிட்ட.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது.

“மறுபடி கையெழுத்துக்குப் போனா யாருக்கா போடுவா? இவளே புகார் குடுப்பா, இவளே மூடுவா, இவளுக்கு வேற வேலயில்லம்பாங்க.”

“நான் கூட வரேன். நானே எடுத்துச் சொல்றேன்.”

“நீங்க சொன்னா மட்டும் நம்புவாங்களா?”

அவள் குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அவ்வளவு வலித்தது. எழுந்தேன், கணுக்கால் விண்விண் என்று தெறித்தது. அவளும் முகத்தைக் கழுவிக்கொண்டு, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

தாமரை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “நான்தாங்க, தண்ணி சுத்தமாயிருச்சுன்னு தப்பா எழுதுனவ.”